பெயரழிந்த புட்டிகள்

குடியைப் பற்றியா எழுதுகிறோம் என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் எழுதப் புகுவது புட்டியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், புட்டியின்மேல் இல்லாத பெயரைப் பற்றி.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின்னரும், வீட்டில் பீர் தயாரிப்பது குற்றமாகவே நீடித்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு வழிவிட்டது. இரு பெரியவர்கள் வாழும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன். ஆனால் விற்றல் ஆகாது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இசைந்தன. விற்க இயலாத பொருளின் தரத்தை அயலார் நாவால் அறிய வேண்டுமெனில், போட்டியே வழி.

அப்போட்டிக்குப் புட்டிகளை ஆயத்தம் செய்யும் முறை நம்மை வியக்கச் செய்தது. நொதித்து முடிந்த பீரில் அளந்து சர்க்கரை கலந்து மூடியிடுகிறார்கள். எஞ்சிய ஈஸ்ட் அதனை உண்டு, இரண்டு மூன்று வாரங்களில் உள்ளே வாயுவை நிரப்புகிறது. சர்க்கரை மிகுந்தால் புட்டி வெடிக்கும். குறைந்தால் பீர் சவசவத்துப்போகும். இது தொழில் நுட்பம். அதற்குப் பிறகு செய்வதுதான் அறம். புடைத்த எழுத்தோ சின்னமோ இல்லாத பழுப்புப் புட்டியைத் தேர்கிறார்கள். மூடியில் அச்சு இருப்பின் கறுப்பு மையால் அழிக்கிறார்கள். விவரச் சீட்டைப் பசையிட்டு ஒட்டுவதில்லை. ரப்பர் வளையத்தால் கட்டுகிறார்கள், எளிதில் கழற்றிவிடலாம் என்பதற்காக. நடுவர் முன் வருவது ஓர் எண்ணும் பீரின் வகையும் மட்டுமே.

மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்திற்கு 12, தோற்றத்திற்கு வெறும் 3. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதவேண்டும். அந்தத் தாள் தயாரித்தவர் கைக்கே திரும்புகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக் கவிதைப் போட்டியொன்றுக்கு நாம் நடுவராக அமர்ந்தோம். முன்பே பரிசுகள் பெற்ற மாணவரின் பெயரைக் கண்டதும், சாதாரண வரிகளிலும் ஆழம் தென்பட்டது. கேள்விப்படாத பெயருடைய தாள்களை விரைந்து புரட்டினோம். முடிவு அறிவித்தபின் ஒரு மாணவி வந்து, "ஐயா, என் கவிதையில் என்ன குறை?" என்றாள். நம்மிடம் விடையில்லை. அவள் தாளில் ஓர் எண்ணைத் தவிர நாம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இலக்கியமும் பீரும் ஒன்றா எனலாம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவரிடம் பெயர் நீக்கிய கவிதைகளைத் தந்து பெற்ற கருத்துகள் 1929இல் நூலாயின. தேர்ந்த வாசகரும் தடுமாறினர். நம் தொகைநூல்களிலோ, பெயர் தொலைந்த புலவரைச் செம்புலப்பெயல்நீரார் என்று அவர்தம் உவமையாலேயே அழைத்தார்கள். வாழ்நாள் சாதனைக்குரிய விருதுக்குப் பெயர் வேண்டும்தான். ஒற்றைப் படைப்புக்குரிய பரிசுக்கு எதற்கு?

இவ்வாண்டுப் போட்டிக்குப் பெயரெழுதிய மேல்தாளை நீக்கி, எண் மட்டும் இட்டுத் தருமாறு கேட்டிருக்கிறோம். கையெழுத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாமே என்றார் உடன் பணியாற்றும் பேராசிரியர். தட்டச்சு செய்து தரட்டும் என்றோம்.