மூன்று பேர், மூன்று புத்தகம்

ஜனவரி பிறந்தால் சென்னையில் புத்தகக் கண்காட்சி. கூடவே பட்டியல்களும் வந்துவிடும். 'வாங்கியே ஆக வேண்டிய 50 நூல்கள்', 'தவறவிடக் கூடாத 100 நூல்கள்'... போடுகிறவருக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விடுவார். வத்திராயிருப்பிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வரும் மாணவன் கையில், வருஷத்துக்கு ஒரு புத்தகம் வாங்கக் காசு இருந்தாலே பெரிய விஷயம். அவனுக்கு 100 புத்தகப் பட்டியல் எதற்கு?

ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பது என்பது அடுத்தவர் பையில் கைவிட்டுச் செலவழிப்பது மாதிரி. ஆகவே அது யாருக்கான புத்தகம், யாருக்குச் சரிப்படாது, வாங்கலாமா இரவல் போதுமா என்று சொல்லிவிடுவதுதான் நியாயம். அந்தக் கணக்கில் கதை, கலை, வணிகம் என்று ஆளுக்கொன்றாக மூன்று நூல்கள் போதும். போன மாதம் அச்சான சூடு இவற்றில் இல்லை. 2020-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்தவை. நம் பக்கத்து வாசகர்களில் பலருக்கு இன்னமும் புதுசுதான்!

கதை: தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். தலைப்பு புறநானூற்றின் 192-ம் பாட்டிலிருந்து வந்தது. 'யாதும் ஊரே' என்று எல்லோரும் சொல்லும் அதே பாட்டுதான். கொங்குப் பகுதியில் குடிநாவிதக் குடும்பம் ஒன்றில் காரு மாமா இறந்துபோகிறார். சாவுக்குக் கூடும் சொந்தங்களின் நினைவில் அவர் வாழ்க்கை விரிகிறது. ஊருக்கே முடிவெட்டி, நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நின்ற குடும்பத்துக்கு ஊர் என்ன கொடுத்தது என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் உறவுமுறைகள் கொஞ்சம் குழப்பும். விறுவிறுப்பை மட்டும் தேடுகிறவர்கள் இரவல் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தாராளமாகக் காசு கொடுத்து வாங்கலாம்.

கலை: டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. 2020-ல் ஆங்கிலத்தில் வந்தது. 'செபாஸ்டியன் குடும்பக் கலை' என்று தமிழிலும் உண்டு. மிருதங்கம் வாசிப்பவரை மேடையில் பார்க்கிறோம். அதைச் செய்தவர் யார்? பலாமரக் கட்டையைக் குடைந்து, பசு, ஆடு, எருமைத் தோலை மூட்டி, வார் இழுத்து நாதம் வரவழைப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து போன்றவர்களின் கதை இதில் இருக்கிறது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இட அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் என்ற சொல் இன்றும் எவ்வளவு சுடுகிறது பாருங்கள்! வாத்திய நுணுக்கங்கள் நிறைய வருவதால் கர்நாடக இசை பக்கமே போகாதவர்களுக்குச் சில பக்கங்கள் கனமாக இருக்கும். நூலகத்தில் எடுத்து மெதுவாகப் படிக்க வேண்டியது.

வணிகம்: 'ஏழு நாளில் கோடீஸ்வரர்' ரகத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'சுதேசி ஸ்டீம்' 2023-ல் வந்த ஆங்கில நூல். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாறு. 1906-ல் பதிவான அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள். தலைவர் யார் தெரியுமா? பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்! போட்டிக்கு இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. வாடகைக் கப்பல் கிடைக்காமல் போனது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. விலைப்போரில் பெரிய முதலாளி சின்ன முதலாளியை எப்படி நசுக்குவான் என்பதை ராஜபாளையத்தில் கடையோ மில்லோ வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஆங்கிலம் தடையென்றால், அதே ஆசிரியருக்கு 2024-ம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது வாங்கித் தந்த 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' தமிழிலேயே இருக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத்தில் தேர் எல்லோர் கண்ணிலும் படும். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் முகம் யார் நினைவிலும் நிற்காது. இவை அந்தக் கட்டை கொடுப்பவர்களின் புத்தகங்கள். கப்பல் கதையில்கூட, 25 ரூபாய் பங்கை நம்பிக்கையோடு வாங்கிய சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள்.

சரி, காசு? மூன்று நண்பர்கள் ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக்கொண்டால் ஒரு புத்தக விலையில் மூன்று புத்தகம். இன்னொரு வழியும் உண்டு. வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. அதாவது, பொது நூலகத்துக்கு நம் வீட்டுப் பணமும் போகிறது. கிளை நூலகத்தில் போய் இந்தத் தலைப்புகளைக் கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்கிற வாசகர் இருந்தால்தான் புத்தகம் ஊருக்குள் வரும்.