வருகையின் நோக்கம்: காதல்

விசா பாரங்களில் 'வருகையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் வரும். இந்தியாவின் இணையச் சுற்றுலா விசாவில் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். ஊர் சுற்றிப் பார்க்க வரலாம். நண்பர், உறவினரைச் சந்திக்க வரலாம். குறுகிய காலத்துக்கு யோகா கற்க வரலாம். காதலனையோ காதலியையோ பார்க்க வருகிறேன் என்று சொல்ல வழி இல்லை. உங்கள் அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் குடிமக்களாக இருந்தார்களா என்றும் அதே பாரம் கேட்கிறது. செத்துப்போன தாத்தா வரைக்கும் தோண்டத் தெரிந்த பாரத்துக்கு, உயிரோடு இருக்கிற காதலன் கண்ணில் படவில்லை. இந்தியாவை மட்டும் சொல்லவில்லை. எனக்காகவும் மற்றவர்களுக்காகவும் நான் நிரப்பிய எந்தச் சுற்றுலா விசா பாரத்திலும் அந்தச் சொல் இருந்ததில்லை. 'நண்பர்' என்று போட்டு ஒப்பேற்ற வேண்டியதுதான்.

இதைப் பற்றிப் பேசினால் நம் எழுத்து வட்டத்தில் உடனே ஒரு பதில் வருகிறது: "அரசுக்குக் காதல் எங்க புரியப்போகுது?" இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சோம்பேறித்தனமான பதில். அரசுக்குக் காதல் நன்றாகவே புரிகிறது. அதன் பலத்தை நம் கவிஞர்களைவிட அதிகமாக நம்புவது அரசுதான். எப்படி என்று சொல்கிறேன்.

நான் பினாங்குக்காரி. ஜார்ஜ்டவுனில் வேலை, ஆயர் ஈத்தாமில் அம்மாவோடு வீடு. அவன் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய ஒரு குடும்பத்தின் பிள்ளை. இப்போது வேறொரு நாட்டின் குடிமகன். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, அங்கே நான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அவன் கடப்பிதழுக்கு மலேசியா விசா கேட்பதில்லை. வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்பினால் போதும், பாயான் லெப்பாஸில் வந்து இறங்கிவிடுவான். இரண்டு முறை வந்தான். அதன் பிறகு அவன் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரே பிள்ளை. அவனால் நகர முடியாது. இனி நான்தான் போக வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் பாரம் நிரப்பித் தருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்துக் கடையில் கடப்பிதழ்ப் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இத போடாதீங்க. கூட்டாளின்னுகூட போடாதீங்க. டூர்னு போட்டு ரெண்டு மியூசியம் பேர எழுதுங்க. ஓட்டல் புக் பண்ணி வைங்க, அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடமாக எந்தப் பதிலுக்குக் கதவு திறக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவர் கற்றுக்கொண்டது இது. நான் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். சம்பளச் சிலிப், இபிஎஃப் அறிக்கை, முதலாளியின் கடிதம், அவனுடைய அழைப்புக் கடிதம், இரண்டு பேரும் எஸ்பிளனேடில் எடுத்துக்கொண்ட படம் எல்லாம் வைத்தேன்.

நிராகரிப்பு ஒரே பக்கம். தங்கும் காலம் முடிந்ததும் திரும்பிப் போவேன் என்று நம்ப முடியவில்லையாம். இரண்டு காரணங்கள் குறிக்கப்பட்டிருந்தன. சொந்த நாட்டோடு எனக்குள்ள பிணைப்பு போதவில்லை என்பது ஒன்று. போகும் நாட்டில் எனக்கு நெருக்கமான பிணைப்பு இருக்கிறது என்பது மற்றொன்று.

இரண்டாவதைத் திரும்பப் படியுங்கள். அங்கே எனக்கு ஒருவன் இருக்கிறான் என்பதுதான் நான் அங்கே போகக் கூடாது என்பதற்குக் காரணம். யாரும் இல்லாத ஊருக்கு, மியூசியம் பார்க்க, விருப்பம் இல்லாமல் போகிறவளே நம்பத்தக்கவள். இவள் இவ்வளவு காதலிக்கிறாள், அதனால் வேலை, வீடு, அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிடுவாள் என்று முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரி முடிவு கட்டுகிறார். எந்தக் கவிதையும் என் காதலை இவ்வளவு உயரத்தில் வைத்ததில்லை. காதலைப் புரிந்துகொண்டுதான் கதவைச் சாத்துகிறார்கள்.

'பிணைப்பு' என்ற அந்தச் சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நிலம், சம்பளம், கணவன், குழந்தை இருந்தால் பிணைப்பு. வீடு அம்மா பெயரில் இருந்தால், கல்யாணம் ஆகாமல் இருந்தால், நீ முளைக்குச்சியில் கட்டாத மாடு. இளவயது, தனி ஆள், பெண், தமிழ்ப் பெயர், நடுத்தரச் சம்பளம் எல்லாம் ஒன்று சேர்ந்தால் சந்தேகம் தானாக வளர்கிறது. அமெரிக்கா இதைச் சுற்றி வளைக்காமல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, சுற்றுலாவுக்கு விண்ணப்பிப்பவர் குடியேற வருகிறவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. கொலை வழக்கில்கூட இப்படி ஆரம்பிப்பதில்லை.

"அப்ப கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே" என்று கேட்கிற அத்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. இலக்கிய வட்டத்திலும் உண்டு. சரி, அந்த வழியையும் பார்க்கலாம். அமெரிக்காவில் வருங்காலக் கணவன் மனைவிக்கென்று 'கே-1' விசா இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை: விண்ணப்பிப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கப் போவதென்றால் சுற்றுலா விசா வேண்டும். அங்கே உனக்கு ஆள் இருக்கிறது என்பதற்காகவே சுற்றுலா விசா மறுக்கப்படலாம். இந்தச் சுழலிலிருந்து வெளியேற இரண்டே விதிவிலக்குகள். கடுமையான இன்னல் ஒன்று. கல்யாணத்துக்கு முன் ஆணும் பெண்ணும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது நெடுங்கால வழக்கமாக இருப்பது இன்னொன்று. அதாவது, பெற்றோர் பேசி முடித்து, முகம் பார்க்காமல் கட்டிக்கொள்கிறவர்களின் சங்கடத்துக்கு உலகின் பெரிய வல்லரசு சட்டத்தில் ஓட்டை போட்டு இடம் கொடுக்கிறது. தானாகத் தேடிக் காதலித்தவர்களுக்கு வழக்கம் என்று காட்ட எதுவும் கிடையாது. நம் அத்தைகளும் அந்தச் சட்டம் எழுதியவர்களும் சந்தித்தால் நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

பிரிட்டன் இதைவிடக் கேவலமாக நடந்துகொண்ட காலம் உண்டு. 1979 ஜனவரியில், தான் மணக்கவிருந்தவரைத் தேடி இந்தியாவிலிருந்து ஹீத்ரோவில் வந்து இறங்கிய 35 வயது ஆசிரியை ஒருவரைக் குடிநுழைவு அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். கார்டியன் நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்தது. இது அங்கே மட்டும் நடந்த அத்துமீறல் இல்லை, இந்தியத் துணைக்கண்டத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரகங்களிலும் குறைந்தது 80 பெண்களுக்கு இப்படி நடந்திருக்கிறது என்று இவான் ஸ்மித், மரினெல்லா மார்மோ என்ற இரு ஆய்வாளர்கள் பின்னாளில் ஆவணங்களிலிருந்து காட்டினார்கள். உண்மையான இந்திய மணப்பெண் என்றால் கன்னியாகத்தான் இருப்பாள் என்பது அதிகாரிகளின் கணக்கு. காதலுக்குச் சான்று கேட்கிற அலுவலகம் எந்த எல்லைவரைக்கும் போகும் என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன். இன்று உடம்பைக் கேட்பதில்லை. வாட்ஸ்அப் உரையாடலைக் கேட்கிறார்கள்.

பினாங்குத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயாவுக்கு ஆள் அனுப்பிய டிப்போக்கள் இருந்தன. தனியாக வருகிற பெண்ணை அனுப்பச் சிக்கல், தோட்டத்துக்கோ பெண்கள் தேவை. அதனால் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் கணவன் மனைவி என்று பதிந்துகொண்டு கப்பலேறினார்கள். 'டிப்போ கல்யாணம்' என்றே அதற்குப் பெயர். மலாயாவின் தமிழ்ப் பெண் தொழிலாளர்களைப் பற்றி அருணிமா தத்தா எழுதிய ஆய்வில் இதைப் படித்த பிறகு, ஜெரஜாக் தீவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த தீவு அது. அங்கே இறங்கியவர்களில் எத்தனை ஜோடி அந்த மாதிரியோ. ஆள் தேவைப்பட்டபோது பொய்யான தம்பதியைக் கண்டும் காணாமல் அனுப்பினார்கள். ஆள் தேவையில்லாதபோது உண்மையான ஜோடியை மியூசியம் பார்க்க வந்தேன் என்று சொல்ல வைக்கிறார்கள்.

மலேசியா யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. ஒரு மலேசிய ஆணின் வெளிநாட்டு மனைவி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் வழி இருக்கிறது. மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவனுக்கு அப்படி ஒரு வழியை அது தரவில்லை. அவன் நாளைக்கே என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாலும் நிலைமை இதுதான்.

லிட்டில் இந்தியாவில் நாம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிற கடைகளில் சாம்பார் ஊற்றுகிறவரைப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர். அந்த அனுமதியில் இருக்கிறவர் இங்கே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, குடும்பத்தைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளவும் கூடாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்று அறிவித்தார்களே, அவர் மனைவியும் வரலாமே என்பீர்கள். வரலாம், சுற்றுலாப் பயணியாக. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, தன்னைத்தானே பராமரிக்க வசதி இருக்கிறது என்று காட்ட முடியாதவரைத் தடுக்கப்பட்டவர் பட்டியலில் வைக்கிறது. கையில் காசும் ஓட்டல் முன்பதிவும் இல்லாமல் வந்து நிற்கிற அந்த அக்கா முகப்பில் என்ன சொல்லுவார்? புருஷனைப் பார்க்க வந்தேன் என்றா, பினாங்கு மலை பார்க்க வந்தேன் என்றா? காதலர்களுக்கு மட்டும் நியாயம் கேட்டு அவரை விட்டுவிட்டால் என் வாதம் கடப்பிதழ் வசதி உள்ளவர்களின் சிணுங்கலாகிவிடும்.

இனி நம் இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு நிஜமான கோபம் இங்கேதான். புலம்பெயர் வாழ்வும் தூரத்துக் காதலும் பற்றி இளைஞர்கள் எழுதுகிற கவிதைகளில் விமான நிலையம் வருகிறது, மழை பெய்கிற சன்னல் வருகிறது, நேர வித்தியாசம் வருகிறது. முகப்பில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி வருவதில்லை. எல்லாமே 'பிரிவு'. பாலைத்திணையை இழுத்து வந்து போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. பாலைத்திணையில் என்ன நடக்கிறது? தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான், அல்லது பிரிய மறுக்கிறான். பட்டினப்பாலைத் தலைவன் காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதானாலும் வரமாட்டேன் என்று தன் நெஞ்சிடம் சொல்லிவிடுகிறான். போவதும் இருப்பதும் அவன் முடிவு. வழியில் வெயிலும் கள்வரும் உண்டு, அனுமதி கேட்க ஆள் இல்லை.

எங்களுக்கு நடந்ததற்குச் சரியான சொல் அகத்திணையிலேயே வேறு இருக்கிறது: இற்செறிப்பு. மகளுக்குக் காதல் என்று தெரிந்ததும் வீட்டார் அவளை வெளியே விடாமல் காவலில் வைப்பது. காரணம் என்ன? அவளுக்குக் காதல் இருக்கிறது, விட்டால் போய்விடுவாள். என் நிராகரிப்புக் கடிதம் இதை அப்படியே சொல்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே அடைத்து வைப்பவர் என்னைப் பெற்றவள் இல்லை. அம்மா போயிட்டு வா என்றுதான் சொன்னாள். பிரிவு என்று பெயர் வைத்தால் துயரம் விதியாகிவிடுகிறது, அதில் ஓர் அழகும் வந்துவிடுகிறது. இற்செறிப்பு என்று சொன்னால் காவல் வைத்தது யார் என்று கேட்க வேண்டிவரும்.

தங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்களே, நாடு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வந்தவர்கள் திரும்பவில்லை என்று சொல்லித்தான் 2010இல் மலேசியா இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் கொடுத்த விசாவை நிறுத்தியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். போகிற இடத்தின் முகவரி, அங்கே இருப்பவரின் பெயர், அவரது வேலை, வருமானம், அவர் அம்மா எந்த நாட்களில் மருத்துவமனைக்குப் போகிறார் என்பதுவரை எழுதிக் கொடுக்கிற பயணியைவிட எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய பயணி யார்? இன்றைய முறை இந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஓட்டலை முன்பதிவு செய்து ரத்து செய்கிறவரை உள்ளே விடுகிறது. பாதுகாப்பு என்ற அளவுகோலிலேயே இது மோசமான முறை.

வேறு மாதிரி செய்ய முடியாது என்பதும் பொய். 2020இல் கோவிட் எல்லைகளை மூடியபோது, கல்யாணமாகாத ஜோடிகள் 'காதல் சுற்றுலா அல்ல' என்ற வாசகத்தோடு பல நாடுகளில் போராடினார்கள். டென்மார்க் அந்த மே மாதமே, அண்டை நாடுகளில் இருந்த காதலர்களுக்கு எல்லையைத் திறக்க முன்வந்தது. முதலில் படங்களையும் குறுஞ்செய்திகளையும் காட்டச் சொன்னார்கள். அது அந்தரங்கத்தில் நுழைவது என்று கண்டனம் வந்ததும், இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழித் தாள் போதும் என்று இறங்கி வந்தார்கள். ஆகஸ்டில் ஜெர்மனியும் கல்யாணமாகாத இணையர்களுக்குக் கதவைத் திறந்தது. 2022 ஏப்ரல் 1 வரை மூடிக் கிடந்த நம் நாட்டில் அப்படி ஒரு தாளைப் பற்றி நாம் யாரும் எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் நம் பக்கங்களில் வந்தவை தனிமைக் கவிதைகள்.

நான் கேட்பதும் அந்த ஒரு தாளைத்தான். பட்டியலில் ஒரு வரி, அதோடு இணைக்க ஒரு தாள், பொய் சொன்னால் தண்டனை. மனைவி என்றோ கணவன் என்றோ காட்ட முடியாத உறவுகளுக்கும், காட்ட முடிந்தும் காசில்லாத அந்தச் சாப்பாட்டுக் கடை அண்ணன் வீட்டுக்கும் அது பொருந்தும்படி எழுதலாம்.

அடுத்த மாதம் மறுபடி விண்ணப்பிக்கிறேன். முதலில் கட்டிய கட்டணம் திரும்ப வராது. மேலும் ஒருமுறை கட்ட வேண்டும். நோக்கம் என்கிற கட்டத்தில் 'நண்பர்' என்று குறித்து, கூடுதல் விவரத்துக்கு விட்டிருக்கிற இடத்தில் போன முறை எழுதியதையே எழுதப்போகிறேன். அவன் அம்மாவின் டயாலிசிஸ் அட்டவணையையும் இந்த முறை சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.