ஒளிக்க வேண்டாத பதில்

அமெரிக்காவில் வேலை தேடும் நம் பிள்ளைகள் விசா கேள்விக்கு அஞ்சி நடுங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இங்கே வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா, இப்போதோ பிற்பாடோ நிறுவனம் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்குமா என்ற இரண்டையும் நிறுவனம் தாராளமாகக் கேட்கலாம். பிறந்த ஊரையும் தாய்மொழியையும் துருவுவதுதான் வம்பு. 1986-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் குடியுரிமையைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்போர், அகதிகள் போன்றோருக்கே. மாணவர் விசாக்காரரை ஸ்பான்சர் செய்ய முடியாதென்று திருப்பி அனுப்பினால் சட்டம் கைகொடுக்காது. கடன் வாங்கிப் படித்தவருக்கு இது கொடுமைதான். அதற்காக, பொறியியல் பட்டதாரிக்கு ஓபிடி எனும் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி 12 மாதம், அதன் நீட்டிப்பு 24 மாதம் இருக்கிறதே என்று இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' எனக் குறிக்காதீர்கள், அது பொய்யாகிவிடும். 'ஆம், தேவைப்படும்' என்று சொல்லி, எந்தத் தேதிவரை விசா விண்ணப்பமின்றி வேலை செய்யலாம், அதற்குள் எத்தனை முறை எச்-1பி வேலை விசாக் குலுக்கலுக்குப் பதியலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல மேலாளர்களுக்கு இந்தக் கணக்கே தெரியாது. அந்த நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வழக்கமுள்ளதா என்று முதல் சுற்றிலேயே நீங்களும் கேளுங்கள்.