சன்ன நெல்லா, சாதாரண நெல்லா? பத்து அரிசியில் தெரியும்

கேள்வி: "அம்பை 16 நெல்மணி நீளம் குறைந்து சிறிதாகத்தானே இருக்கிறது? அதைக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்தில் சேர்க்காதது ஏன்?" – தோவாளை வட்டார வாசகர்.

பதில்: சிறிய மணி எல்லாம் சன்னம் ஆகாது. அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண்தான் கணக்கு. அது 2.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சன்னம், குறைந்தால் சாதாரணம். அம்பை 16 நீளம் குறைந்து, அகலம் கூடிய குட்டை உருண்டை ரகம். திருப்பதிசாரம் 5-ம் அப்படியே. வெள்ளைப் பொன்னி, பி.பி.டி. 5204 ஆகியவை மத்திய சன்ன ரகங்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். பல மூட்டைகளிலிருந்தும் கொஞ்சம் நெல் எடுத்துக் கலந்து, உமியை நீக்குங்கள். உடையாத பத்து அரிசியை நுனியோடு நுனி தொட வரிசையாக வைத்து, ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பத்தையும் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்து அளக்க வேண்டும். நீள வரிசை 55, அகல வரிசை 25 என்றால் 55 ÷ 25 = 2.2, சாதாரணம். 52-ம் 20-ம் வந்தால் 2.6, சன்னம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகலம் பார்க்கும்போது அரிசி தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். ஒருக்களித்து நின்றால் அகலத்துக்குப் பதில் கனத்தை அளந்துவிடுவோம். மோட்டா அரிசியும் சன்னம்போலக் கணக்குக் காட்டும். வேறு வேறு அரிசியில் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2025-26 கொள்முதல் பருவத்துக்கு, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். வித்தியாசம் 45 ரூபாய். டன்னுக்கு 450 ரூபாய்.

இதை மட்டும் பார்த்து அடுத்த கும்பப்பூவுக்கு ரகத்தை மாற்றிவிட வேண்டாம். சாதாரண ரகம் ஒரு டன் விளையும் இடத்தில் சன்ன ரகம் 18 கிலோ குறைந்தாலே அந்த லாபம் போய்விடும். உங்கள் வயலில் எது நன்றாக விளைகிறது, வீட்டுச் சாப்பாட்டுக்கும் உள்ளூர் விற்பனைக்கும் எது போகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

எந்த ரகமானாலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துக் கொண்டுபோங்கள்.