வாசலுக்கு வந்த தம்பதியர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெருப்பெரிச்சல் வேறோர் ஊராகத் தோன்றும். வாரத்தின் ஆறு நாட்களும் சந்துக்குச் சந்து கேட்கும் தையல் இயந்திரங்களின் ஓசை அன்று அடங்கியிருக்கும். சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கியவர்கள் மளிகைக் கடைகளில் நிற்பார்கள். திருப்பூர் நோக்கிச் செல்லும் நகரப் பேருந்துக்காகக் காத்திருப்போரிடையே, வெள்ளை வேட்டியும் திருநீறுமாக ஒரு பெரியவரையும், மஞ்சள் பையைக் கையில் மடித்துப் பிடித்த ஓர் அம்மையாரையும் காணலாம். அவர்கள் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இத்தகைய தம்பதியர் பனியன் தொழில் நடக்கும் ஊர்களில் பலர்.

அரசு நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர் தமக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு, “உன்ற புண்ணியத்துல பாதிச் செலவு மிச்சம் புள்ள” என்பார். ஒவ்வொரு முறையும் இதே சொல்தான். ஒவ்வொரு முறையும் அம்மையார் புதிதாகக் கேட்பவரைப் போல் சிரிப்பார்.

இந்தச் சிரிப்பு வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பெரியவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அம்மையார் இன்னொரு கம்பெனியில் கைமடிக்கும் வேலையில் சேர்ந்து, பின்னாளில் செக்கிங் பிரிவுக்கு வந்தவர். ஒன்றரை ஷிப்ட் என்பது திருப்பூரில் வாழ்க்கையின் அளவுகோல். காலையில் போனால் இரவு உணவு வேளையில்தான் வீடு. கப்பல் ஏற வேண்டிய சரக்கு இருந்தால் விடிய விடிய வேலை. இருவரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்த நாட்கள் தீபாவளியும் பொங்கலும் மாத்திரமே.

2012ஆம் ஆண்டு பெரியவர் 58 வயதில் வேலையினின்றும் நின்றார். மகளுக்கு மணம் முடிந்திருந்தது. அம்மையாரும் வேலையை விட்டார். அதன்பின் சில வாரங்கள் அந்த வீட்டில் ஓர் அமைதி நிலவியது. அது நல்ல அமைதி அன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், பட்டப்பகலில் ஒருவரோடு ஒருவர் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பேசாமல் விட்ட செய்தி ஒன்றும் அவர்களிடையே இருந்தது. மகளுக்கு முன் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. 1984ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் கண்ட காய்ச்சலில், ஐந்து வயதில் அப்பிள்ளை போயிற்று. பதினாறாம் நாள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்குப்பின் அந்தப் பெயரை வீட்டில் எவரும் சொன்னதில்லை.

அந்த 2012 மார்ச் மாதத்தில், பந்துலு அவர்கள் 1964இல் எடுத்த ‘கர்ணன்’ திரைப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்திருந்தது. பாரதக் கதைதானே, பார்த்துவிட்டு வரலாம் என்று பெரியவர் மனைவியை அழைத்துச் சென்றார். போர்க்களத்தில் குந்தி ஓடிவந்து, ஊரறிய ‘மகனே’ என்று அழைக்க இயலாதிருந்த அந்த மகனை மடியில் ஏந்திக் கதறும் கட்டம் வந்தது. அம்மையார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். படம் முடிந்து விளக்கு எரிந்தபின்னும் எழவில்லை. பெரியவர் தவறு செய்துவிட்டோமோ என்று அஞ்சினார். திரும்பும் பேருந்தில், சன்னலோரம் அமர்ந்திருந்த அம்மையார் 28 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகப் பிள்ளையின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. பெரியவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

அன்று தொட்டு மாதம் ஒருமுறையேனும் இருவரும் வெளியே கிளம்பினார்கள். பழைய புராணப் படம் எங்கேனும் ஓடினால் அது. கோயில் திடலில் நாடகமோ கும்மியோ நடந்தால் அது. உறவினர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. “காசி ராமேசுவரம் போற வயசுல கொட்டகைக்குப் போறதா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

அக்கேள்வியைக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்றை அறிந்திருப்பது நலம். இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தில், அக்கோயிலின் வைகாசித் திருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆண்டுதோறும் ஆடப்பெற வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அதனை ஆடிய சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்கும்படி கல்லிலே வெட்டி வைத்தார்கள். விளக்குக்கும் பூவுக்கும் நிவந்தம் விட்ட கோயில், நாடகத்துக்கும் நெல் அளந்தது. அந்த நாடகத்தின் முன் அமர்ந்திருந்தவர்களில் முதியோரே இல்லாதிருந்திருப்பார்களா என்ன? அவ்வளவு தொலைவு போவானேன்? பெற்றோரைப் பழித்துத் துரத்திய மகன், கால்களை இழந்து, பின் அவர்கள் திருவடியே கதியெனத் தெளியும் கதையான ‘ஹரிதாஸ்’ 1944இல் கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் உருவானது. சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிய படம். கொட்டகையில் அதைக் கண்டு, வீடு திரும்பியதும் பெற்றவர்களை வணங்கிய பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

பெரியவர் இவ்வளவும் எடுத்துச் சொல்லவில்லை. “சாமி கதைதானுங்க” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார்.

கொங்கு நாட்டில் இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை. இந்த வட்டாரத்தில் வள்ளி கும்மி மீண்டும் தழைத்திருக்கிறது. காரமடையை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த முதுபெருங் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, கும்மி தெரிந்த ஊர்களெல்லாம் தம் வீட்டு விசேஷம்போல் மகிழ்ந்தன. ஆண்களே ஆடிவந்த அந்த ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர் அவர். முருகப்பெருமான் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், வள்ளி மருள்கிறாள். கிழவர் வேடம் வரும்போது அம்மையார் பக்கத்தில் இருக்கும் தம் கிழவரைப் பார்த்துக்கொள்வார்.

மாசியில் திருமுருகன்பூண்டிக்குப் போவார்கள். அவிநாசிச் சாலையில் உள்ள அத்தலத்தில் ஆண்டுதோறும் வேடுபறி விழா நடக்கும். சேரமான் பெருமாளிடம் பொன்னும் மணியும் பரிசாகப் பெற்றுத் திரும்பிய சுந்தரமூர்த்தி நாயனாரை, சிவபெருமானின் பூதகணங்கள் வேடுவர் உருவில் வந்து மறித்துப் பறித்துக்கொண்ட வரலாறு அது. பறிகொடுத்த தம்பிரான் தோழர் கோயிலுக்குள் போய், ‘வழிப்பறி நடக்கும் இவ்வூரில் எம்பெருமான் ஏன் இருக்கிறீர்’ என்ற பொருள்படத் திட்டிப் பாடினார். பறிபோனவை வாசலிலே வந்து குவிந்தன. தங்கள் ஊரைத் திட்டிய பதிகத்தை இத்தனை பெருமையுடன் போற்றும் மக்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது ஐயமே. பெரியவருக்குச் சுந்தரர்மேல் தனிப் பற்று. 1967இல் ‘திருவருட்செல்வர்’ வந்தபோது அவர் சிறுவன். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து, சுந்தரர் கோலத்தில் சிவாஜியைக் கண்ட நினைவு அவருக்கு இன்னும் மங்கவில்லை.

பூண்டியிலிருந்து அவிநாசி ஐந்து கிலோமீட்டர்தான். ஆயினும் பங்குனியில் அங்கு நடக்கும் முதலைவாய்ப்பிள்ளை உற்சவத்துக்கு மட்டும் அவர்கள் போனதில்லை. சித்திரைத் தேருக்குப் போவார்கள். பெருங்கருணை நாயகியை வணங்குவார்கள். குளக்கரைப் பக்கம் அம்மையார் திரும்பமாட்டார். பெரியவரும் அழைத்ததில்லை. முதலை விழுங்கிய பிள்ளைக்கு அப்போது வயது ஐந்து.

இந்த வரலாற்றை அறியாத அன்பர்கள் இரார். எனினும் சேக்கிழார் பெருமான் அதைச் சொல்லும் முறையில் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மீண்டும் சேரநாடு செல்லும் வழியில் சுந்தரர் அவிநாசி வீதியில் நடந்து வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகுரல். இரு சிறுவர் குளிக்கப் போனதையும், ஒருவனை முதலை கொண்டதையும், தப்பியவனுக்கே இன்று கல்யாணம் என்பதையும் அங்கிருந்தோர் சொல்கிறார்கள். அதற்குள் அழுதுகொண்டிருந்த அந்தப் பெற்றோர், வந்திருப்பவர் வன்தொண்டர் என்று கேட்டவுடன் எழுந்து வெளியே வருகிறார்கள். முகம் மலர்ந்து வணங்குகிறார்கள். மைந்தனை இழந்தவர் நீங்களோ என்று அவரே வியந்து கேட்கும்படியான மலர்ச்சி அது. ‘அது முன்பு நடந்தது, தங்களைக் காண வேண்டும் என்று நெடுநாள் விரும்பியிருந்தோம், அந்த அன்பு வீண்போகவில்லை’ என்கிறார்கள். பிள்ளையைக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து வணங்கியதோடு சரி. அதன்பிறகே சுந்தரர் மடு எங்கே என்று கேட்டுக் கரைக்குச் சென்றார். பதிகத்தின் நான்காம் பாடல் முடியுமுன் முதலை கரையேறிற்று. கொண்டுவந்த பிள்ளைக்கு இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியும் கூடியிருந்தது. தாய் ஓடிச்சென்று எடுத்துக்கொண்டாள்.

அவிநாசிக் கோயிலில் ஒரு நாள் ஓதுவார் ஒருவர் அன்பர்களுக்கு இந்தப் பகுதியை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தூணருகே அமர்ந்திருந்த அம்மையார் எழுந்து போகாமல் இறுதிவரை கேட்டார். வீடு வந்து, சோற்றை வடித்து, இலை போட்டபின், “ஏனுங்க, பங்குனியில அவிநாசிக்குப் போலாமுங்களா?” என்றார்.

“தேர் சித்திரையிலதான புள்ள?”

“தேருக்கில்லீங்க. கொளத்துக்கு.”

பெரியவர் கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார். சற்றுப் பொறுத்து, “போலாம்” என்றார்.

பிள்ளை போய் நாற்பது ஆண்டுகள் ஆகும் அந்த ஆண்டில், பங்குனி உத்திரத்தையொட்டிய நாள் ஒன்றில், அவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகத் தாமரைக்குளக்கரையில் நின்றார்கள். பேரக்குழந்தைகளைத் தோளில் தூக்கியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், தொலைவிலிருந்து வந்த அடியார்கள் எனக் கரை நிறைந்திருந்தது. பதிகம் தொடங்கியபோது பெரியவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் அழவில்லை. கைகூப்பி, கண்களை மூடாமல் நின்றார். நான்காம் பாடல் வந்தது. கூட்டத்தில் அரகர ஒலி எழுந்தது.

பிரசாதம் வாங்கிக்கொண்டு கரையோரம் அமர்ந்தபோது அம்மையார் கேட்டார்: “அந்தப் பையனுக்குப் போன வருசமெல்லாம் கூடியில்ல வந்துச்சாமா? நம்ம பையனுக்கு இப்ப எத்தனை இருக்குமுங்க?”

பெரியவர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. “நாப்பத்தஞ்சு நடக்குது புள்ள” என்றார்.

“தலை நரைச்சிருக்குமுங்களா?”

“எங்கப்பனுக்கெல்லாம் நாப்பதுலயே நரைச்சிருச்சு. இவனுக்கும் நரைச்சிருக்கும்.”

அம்மையார் தலையசைத்தார். கையிலிருந்த தொன்னையில் மீதியிருந்த பொங்கலைப் பெரியவரிடம் நீட்டினார். வெயில் தாழ்ந்தபின் இருவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். திருப்பூர் வண்டியில் ஏறி அமர்ந்ததும், சித்திரைத் தேர் எந்தத் தேதியில் வருகிறது என்று அம்மையார் முன் இருக்கையில் இருந்த பெண்மணியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒரு சீட்டு வாங்கினார்.