அங்கோர் வாட் போய் வந்ததிலிருந்து ஓயாத ஒரு வாக்குவாதம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம கோயில் தொண்டர்கள் பதினாலு பேர் போன மாசம் கம்போடியா போய் வந்தோம். அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் பெருமாளுக்குக் கட்டிய கோயில். பாற்கடல் கடையிற சிற்பத்துக்கு முன்னால அரை மணி நேரம் நின்னோம். அந்தப் படமெல்லாம் போட்டாச்சு. படம் போடாத இடம் ஒன்னு இருக்கு. புனோம் பென்ல இருக்கிற துவோல் ஸ்லெங். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். போல் பாட் ஆட்கள் அதைச் சிறையாக்கி, 12,000 பேருக்கு மேல சித்திரவதை செய்து சாகடிக்க அனுப்பியிருக்காங்க. வகுப்பறைக்குள்ள இரும்புக் கட்டில். எங்கள்ல பாதிப் பேர் பாதியிலேயே வெளியே வந்து உட்கார்ந்துட்டோம்.

அங்கே வழிகாட்டி தம்பி சொன்னது: "1979 ஜனவரி 7ஆம் தேதி வியட்நாம் ராணுவம் வரலைன்னா எங்க அம்மா செத்திருப்பாங்க, நான் பிறந்திருக்க மாட்டேன். ஆனா அவங்க ஏன் பத்து வருஷம் போகலைன்னும் எங்க அம்மா கேட்பாங்க."

இந்த ஒரு பேச்சுதான் வெள்ளிக்கிழமை காய் வெட்டுற இடத்தில் சண்டையா மாறிடுச்சு. ஒரு தம்பி, "அது படையெடுப்புதானே, நம்ம நாடே எதிர்த்துச்சே" என்றார். பெரியண்ணன் ஒருத்தர், "பக்கத்து வீட்ல பிள்ளையைக் கொல்றான், வேலி தாண்டக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டு நிப்பியா?" என்றார். "தாண்டினவன் அங்கேயே பாய் போட்டுப் படுத்துட்டானே அண்ணே!" பூசணிக்காய் பாதியில நின்னுச்சு.

தம்பி சொன்னது பொய் இல்லை. 1978 டிசம்பர் 25இல் வியட்நாம் உள்ளே போனது தர்மத்துக்காக மட்டும் இல்லை. போல் பாட் படை எல்லை தாண்டி வந்து கிராமங்களை அழிச்சது. 1978 ஏப்ரலில் பா சுக் என்கிற ஒரே ஊரில் 3,000 பேருக்கு மேல் கொன்னாங்க. கம்போடிய மக்களைக் காப்பாத்த வந்தோம்னு ஐநாவில் வியட்நாமே பெரிசா வாதாடலை. சிங்கப்பூர் சார்பில் இதை எதிர்த்துப் பேசிய ராஜரத்தினம், சிரம்பானில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள்ள புகுந்து தனக்கு வேண்டிய ஆளை உட்கார வைக்கிறதை இன்னைக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நம்ம கதி என்ன? இந்தப் பயம் நியாயமான பயம்தான். நாமும் சின்ன நாடுதானே.

ஆனா நாங்க பெரியண்ணன் பக்கம்தான். 1975 ஏப்ரல் 17இலிருந்து மூன்று வருஷம் எட்டு மாசம். செத்தவங்க 15 இலட்சத்திலிருந்து 20 இலட்சம் வரை, பட்டினியாலும் வெட்டுப்பட்டும். அதை நிறுத்த வேற யாராவது வந்தாங்களா? ஒருத்தரும் வரலை.

எங்களுக்கு உறுத்துறது அதுக்கப்புறம் நடந்தது. விரட்டப்பட்ட போல் பாட் தரப்புக்கே ஐநாவில் கம்போடியாவின் நாற்காலி தொடர்ந்து கிடைச்சது. அதுக்கு ஆதரவு கொடுத்ததில் ஆசியான் நாடுகளும் உண்டு, மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்த்துத்தான். 1982 ஜூனில் அவங்களையும் சேர்த்து ஒரு கூட்டணி அரசாங்கம் அமைச்சாங்களே, கையெழுத்து போட்ட இடம் எது தெரியுமா? நம்ம கோலாலம்பூர். எஸ்பிஎம் வரைக்கும் படிச்ச எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரலை. வியட்நாம் பத்து வருஷம் போகாததுக்கு, தாய்லாந்து எல்லையில் அந்தப் படைக்குச் சோறும் சீன ஆயுதமும் கிடைச்சுக்கிட்டே இருந்ததும் ஒரு காரணம். 1980இல் உசேன் ஓனும் சுகார்த்தோவும் குவாந்தானில் ஒரு சமரச வழி சொன்னாங்க. தாய்லாந்து ஏத்துக்கலை. அதோட முடிஞ்சது.

படையெடுப்பை எதிர்க்கலாம். அதுக்காகக் கொலைகாரனுக்கு நாற்காலி பிடிச்சுக் கொடுக்கணுமா?

இந்தியாவோ 1980இலேயே புதிய அரசாங்கத்தை அங்கீகரிச்சது. அதனாலதான் 1986இலிருந்து இந்தியத் தொல்லியல் துறை ஆட்கள் அங்கோர் வாட்டில் பராமரிப்பு வேலை பார்த்தாங்க. (கெமிக்கல் போட்டுக் கல்லைத் தேய்ச்சுட்டாங்கன்னு திட்டும் வாங்கினாங்க. சிலை கழுவுற நமக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.)

வியட்நாம் படை 1989இல் வெளியேறியது. 1991இல் பாரிஸ் ஒப்பந்தம். போல் பாட் எந்த அனைத்துலக நீதிமன்றத்திலும் நிற்காமலே 1998இல் செத்தார்.

நாங்க வேலை பார்க்கிற ஃபேக்டரி லைன்ல ஒரு வியட்நாம் அக்கா இருக்காங்க. லீவு முடிஞ்சு வந்ததும் எங்கே போனீங்கன்னு கேட்டாங்க. சொன்னோம். அவங்க அப்பாவைப் பத்தொன்பது வயசுல கம்போடியாவுக்கு அனுப்பினாங்களாம். கண்ணிவெடியில ஒரு கால் போயிடுச்சு. வீட்ல அதைப் பத்திப் பேசவே மாட்டாராம். "அந்தக் கோயில் நல்லா இருக்கா? அப்பா நாலு வருஷம் இருந்தும் பார்க்கலையாம்" என்றார். போன்ல இருந்த படங்களை எல்லாம் அவருக்கு அனுப்பினோம்.

தம்பி இன்னும் ஒத்துக்கலை. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் காய் வெட்டு, பேச்சும் தொடரும். கத்தி பத்தலை, இருக்கிறவங்க கொண்டு வாங்க.