புருவம் பிறகு, பால்குடம் முதலில்!

"தைப்பூசத்துக்கு முன்னாடி புருவம், சிறப்புச் சலுகை!" இந்த விளம்பரத்தைத்தான் கோயில் தொண்டர்களான நாங்கள் எதிர்க்கிறோம். அழகுபடுத்திக்கிறது உங்க விருப்பம், அதுல நாங்க தலையிடலை.

மைக்ரோபிளேடிங்னா ஊசி வரிசையால தோலைக் கீறி நிறம் ஏத்துறது. அந்தப் புண்ணுல ஒரு வாரம், பத்து நாளாவது வியர்வையும் தண்ணியும் படக்கூடாது. பால்குடத்தோட பத்துமலையின் 272 படி ஏறும்போது வியர்க்காதா? விபூதி புண்ணுல படாதா?

எண்ணெய்ப் பசை சருமத்தில் அந்தக் கோடுகள் சீக்கிரம் கலங்கிப் பரவும். மெஷினால் புள்ளி புள்ளியாக வைக்கும் பவுடர் பிரவ்தான் அதற்குப் பொருத்தம். அதுவும் ஆற நாளாகும். இதையெல்லாம் மறைச்சு விக்கிறது நியாயமா?

நேர்த்திக்கடன் முடியட்டும். அப்புறம் சலுகையைப் பார்க்காம, உங்க சருமத்தைப் பார்த்து முடிவெடுங்க.

வேலும் மயிலும் துணை.